கடவுச்சொல்லை மாற்றுமுன் பதிவேட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

வன்னியில் கணினி வலையமைப்புள்ள பணிமனைகளும் கல்வி நிறுவனங்களும் பல, தம் ஊழியர்களின் பயனர் கணக்குகளை ஒரே மையக் கோப்பகச் சேவையகத்தில் வைத்து நிர்வகிக்கத் தொடங்கிவிட்டன. எந்தக் கணினியில் அமர்ந்தாலும் அதே பெயரோடும் அதே கடவுச்சொல்லோடும் வேலை செய்யலாம் என்பதால் இது வரவேற்கத்தக்கதே. ஆனால், “உள்நுழைய முடியவில்லை” என்று யாராவது முறையிட்டவுடன், காரணம் எதுவென்று பாராமலே புதிய கடவுச்சொல் ஒன்றைப் போட்டுக் கொடுத்து அனுப்பிவிடும் வழக்கமும் கூடவே வேரூன்றிவிட்டது. கடவுச்சொல்லை மறந்தவருக்கு அது மருந்து. மற்றவர்களுக்குச் சில வேளைகளில் அதுவே நோயாகிவிடுகிறது என்பதைச் சுட்டிக்காட்டவே இதை எழுதுகிறேன்.

திரையில் தோன்றும் செய்தியை மட்டும் வைத்து முடிவெடுக்க இயலாது. கணினிகள் கோப்பகச் சேவையகத்தோடு பேசும் எல்டாப் (LDAP) நெறிமுறையில் உள்நுழைவு மறுக்கப்படும்போது பெரும்பாலும் 49 என்ற ஒரே பிழை எண்தான் திரும்பி வரும். அப்படியொரு பயனர் இருக்கிறாரா இல்லையா என்பதை வெளியாள் ஊகித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அந்தச் சேவை மைக்ரோசொஃப்ட்டின் கோப்பகச் சேவையான அக்டிவ் டிரெக்டரியாக இருந்தால் அந்த 49உடன் ஒரு துணைக் குறியீடும் சேர்ந்து வரும்: 532 என்றால் கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது, 533 என்றால் கணக்கு முடக்கப்பட்டுள்ளது, 775 என்றால் பிழையான முயற்சிகள் மிகுந்து கணக்கு பூட்டப்பட்டுள்ளது. முடக்கப்பட்ட கணக்குக்கு எத்தனை புதிய கடவுச்சொற்களைக் கொடுத்து என்ன பயன்?

நானறிந்த ஒரு பணிமனையில் முகாமைத்துவ உதவியாளர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அவர் முதலில் முறையிட்டபோது அவரது விசைப்பலகை ரெங்கநாதன் தமிழ் அமைப்பில் இருந்தது. கடவுச்சொல் பெட்டியில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால் அது யார் கண்ணிலும் படவில்லை. புதிய கடவுச்சொல் கொடுத்தார்கள், அதுவும் வேலை செய்யவில்லை. மறுபடியும் கொடுத்தார்கள், மறுபடியும் கொடுத்தார்கள். “கவனமாகத் தட்டச்சுச் செய்யுங்கோ, அக்கா” என்ற அறிவுரையும் இலவசமாகக் கிடைத்தது. விசைப்பலகை சரியான பின்னரோ வேறொரு தொல்லை தொடங்கியது: காலையில் திறந்துவிட்ட கணக்கு தேநீர் வேளைக்குள் தானாகவே பூட்டிக்கொண்டது.

காரணத்தைக் கடைசியில், உள்நுழைவு முயற்சிகளைத் தானாகவே குறித்துவைக்கும் சேவையகத்தின் பாதுகாப்புப் பதிவேடுதான் காட்டிக்கொடுத்தது. கணக்கு பூட்டப்படும் ஒவ்வொரு தடவையும் 4740 என்ற எண்ணில் ஒரு நிகழ்வு அங்கே பதிவாகும். எந்தக் கணினியிலிருந்து முயற்சி வந்தது என்பதும் அதில் இருக்கும். அங்கே இருந்தது அவருடைய கணினியின் பெயரே அல்ல. பண்டகசாலை மூலையில் இயங்கிக்கொண்டிருந்த பழைய கணினியொன்றில், கோப்புகளைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிரதியெடுக்கும் வேலையொன்று அவரது பெயரிலும் பழைய கடவுச்சொல்லிலும் அமைக்கப்பட்டிருந்தது. பிழையாக வந்த கடவுச்சொல், அக்கணக்கின் முந்தைய கடவுச்சொற்களில் கடைசி இரண்டில் ஒன்றாக இருந்தால் அக்டிவ் டிரெக்டரி அதைப் பிழை முயற்சியாக எண்ணுவதில்லை. ஆகவே ஒருமுறை மாற்றியதோடு நின்றிருந்தால் கணக்கு பூட்டப்பட்டிருக்காது. மாற்றி மாற்றிக் கொடுத்ததில்தான் பழைய கடவுச்சொல் அந்த இரண்டுக்கும் வெளியே தள்ளப்பட்டு, ஒவ்வொரு முயற்சியும் பிழையாக எண்ணப்படலாயிற்று.

கடிகாரத்தையும் மறந்துவிடக் கூடாது. தாய்ப்பலகையிலுள்ள சிறு பற்றரி செத்துப்போன கணினி, மின்தடைக்குப் பிறகு பழைய ஆண்டொன்றில் விழித்தெழும். உள்நுழைபவரை உறுதிப்படுத்த அக்டிவ் டிரெக்டரி பயன்படுத்தும் கேர்பரோஸ் முறையில் சேவையகத்துக்கும் கணினிக்கும் இடையே வழக்கமாக அனுமதிக்கப்படும் நேர வித்தியாசம் 5 நிமிடங்கள் மட்டுமே; அதை மீறினால் கடவுச்சொல் சரியாக இருந்தாலும் உள்நுழைவு மறுக்கப்படலாம்.

மையச் சேவையகத்தைப் பொறுப்பாக நடத்துவோரிடம் என் வேண்டுகோள் இதுதான். மாங்குளத்திலோ துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ இருக்கும் உத்தியோகத்தர், பூட்டிய கணக்கொன்றைத் திறப்பதற்காகத் தலைமைப் பணிமனையின் தொலைபேசியில் அரை நாளைக் கழிக்க வேண்டியதில்லை. ஒரு பிரிவுக்குரிய கணக்குகளை மட்டும் திறக்கும் உரிமையை அங்கேயே பயிற்சி பெற்ற ஒருவருக்குப் பிரித்துக் கொடுக்க அக்டிவ் டிரெக்டரியில் வழியுண்டு. பதிவேட்டை வாசிக்க மட்டும் அனுமதிக்கும் குழுவும் அதில் ஆயத்தமாகவே இருக்கிறது. நிர்வாகியின் முழு அதிகாரத்தையும் கொடுக்கும்படி நான் கேட்கவில்லை. அப்படிக் கொடுப்பது ஆபத்தானது. இந்த இரண்டு உரிமைகளையும் பிரிவுக்கு ஒருவருக்கு வழங்கி, கடவுச்சொல் மாற்றக் கோரும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் பதிவேட்டில் கண்ட குறியீட்டைக் குறிப்பிட வேண்டும் என்று பணித்தால் போதும்.

இங்ஙனம்,
கணினி ஆய்வுகூடப் பொறுப்பாளர் ஒருவர்,
கிளிநொச்சி.