புதன்கிழமை யார் பந்து போடுவது

சுகர் லேண்ட், டெக்சாஸ்
சனிக்கிழமை இரவு

அன்புள்ள கதிர்,

இதைத் தாளில் எழுதிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். தமிழில் இருந்தால் உன் ரூமில் இருக்கிற பையன்கள் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் இல்லை. நீ தமிழ்ப் பள்ளியில் நாலாம் நிலை வரைக்கும் போனவன், எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவாய். தெரியாத வார்த்தைக்குப் பாப்பாவிடம் போய் நிற்காதே. அவளிடம் நாங்கள் எதுவும் பேசவில்லை.

நேற்றைய உன் பேஸ்பால் ஆட்டத்தை முழுக்கப் பார்த்தோம். ஏழு இன்னிங்ஸ் போட்டாய், கொடுத்தது இரண்டே ரன். அம்மா ஆறாவது இன்னிங்ஸிலேயே ஆச்சிக்குப் போன் போட்டுவிட்டாள். பாளையங்கோட்டையில் அப்போதுதான் விடிந்திருந்தது. ஆச்சிக்கு என்ன புரிந்ததோ, பேரன் பெயரைச் சொல்லி விளக்கு ஏற்றிவிட்டார்களாம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆபீசில் கூட வேலை பார்க்கிறவருக்கு ஸ்கோரை அனுப்பினேன்.

114 பந்து. திரையின் மூலையில் வேகம் காட்டினார்கள். முதல் இன்னிங்ஸில் 91, 92 மைல். ஆறாவதில் 87. ஏழாவதில் அந்தக் கடைசி பேட்டருக்குப் போடும் முன்னால் இரண்டு தடவை கையை உதறினாய். வியர்வையாக இருக்கும். மே மாதம் அங்கேயும் வெயில்தானே. ஆட்டம் முடிந்ததும் "நல்லாயிருக்கேன்ப்பா" என்று ஒரு வரி அனுப்பியிருந்தாய். மூன்று வாரமாக அந்த ஒரு வரிதான் வருகிறது. போன் செய்ய நேரமில்லை என்றால் சரி, பரீட்சை வேறு இருக்கிறது. ஆனால் அம்மா ராத்திரி பதினோரு மணி வரைக்கும் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள் என்பதையும் தெரிந்துகொள்.

புதன்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கோச் முதல் ஆட்டத்துக்கு யாரைப் போடுவார் என்று இங்கே இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு தடவை தோற்றால்தான் வெளியே போகிற போட்டி. முதல் ஆட்டத்தில் தோற்றுவிட்டால் அப்புறம் ஒவ்வொரு நாளும் ஜெயித்தாக வேண்டும், பந்து போடுகிற பிட்சர்கள் எல்லாம் தீர்ந்துபோவார்கள். அதனால் கையில் இருக்கிற சிறந்த ஆளை முதல் நாளே இறக்கிவிடுகிற கோச்சுகள் உண்டு. நீதான் அந்த ஆள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வெள்ளிக்கு வெள்ளி, நடுவில் ஆறு நாள் ஓய்வோடு போட்டுப் பழகிய கை உன்னுடையது. நேற்றுப் போட்டுவிட்டுப் புதன்கிழமை போட்டால் நடுவில் நாலே நாள்.

செவ்வாய்க்கிழமை ஆட்டங்களில் போடுகிற அந்த இடது கைப் பையன் இருக்கிறானே, அவனுக்கு ஒரு வாரம் ஓய்வு கிடைத்திருக்கும். புதன்கிழமை எதிரணியில் முதல் ஐந்து பேட்டர்களில் நாலு பேர் இடது கை. அவர்களுக்கு இடது கைப் பந்து கஷ்டம். ஐந்து இன்னிங்ஸ் அவன் தாங்கினால் மிச்சத்தைப் பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீ வெள்ளிக்கிழமை முழு ஓய்வோடு இறங்கலாம். பலமான அணி அன்றைக்குத்தான் வரும். சில கோச்சுகள் இப்படித்தான் செய்கிறார்கள். அவனைப் போட்டால் உனக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

உங்கள் கோச்சுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சின்னப் பையன்களுக்கு இத்தனை பந்துதான் என்று கணக்கு உண்டு. கல்லூரியில் அப்படி விதி எதுவும் கிடையாது. எல்லாம் அவர் மனசுதான். அவரும் கடைசியில் உன்னிடம் வந்துதான் கேட்பார், கை எப்படி இருக்கிறது என்று. கேட்டால் உள்ளதைச் சொல். நீ எல்லோரிடமும் சொல்கிற "குட் டு கோ" வேண்டாம்.

நேற்று ராத்திரி தூக்கம் வராமல், டாமி ஜான் என்கிற பிட்சருக்குச் செய்த ஆபரேஷனைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். சும்மாதான். 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாகச் செய்தாராம். முன்கையில் இருக்கிற ஒரு தசைநாணை எடுத்து, அறுந்துபோன முழங்கைத் தசைநாருக்குப் பதிலாக வைத்துத் தைத்திருக்கிறார். டாமி ஜான் 1976இல்தான் திரும்பி வந்தார். வந்தபிறகு 164 ஆட்டம் ஜெயித்தார், அது வேறு விஷயம். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துப் பிடித்து மணிக்கட்டை மடக்கினால் அந்தத் தசைநாண் நடுவில் கயிறு மாதிரி எழும்பி நிற்கும். சிலருக்கு அது பிறவியிலேயே கிடையாதாம். எனக்கு இரண்டு கையிலும் இருக்கிறது. அம்மாவை எழுப்பிப் பார்த்தேன், இடது கையில் இல்லை. எதற்கு என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை.

டெக்சாஸும் பாஸ்டன் காலேஜும் ஆஸ்டினில் ஆடிய அந்த ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? 2009 மே 30. 25 இன்னிங்ஸ். டெக்சாஸ் பிட்சர் ஆஸ்டின் வுட் நடுவில் வந்து 13 இன்னிங்ஸ் போட்டார், 169 பந்து, ஒரு ரன் கொடுக்கவில்லை. உனக்கு அப்போது ஐந்து வயது. அப்புறம் எத்தனை தடவை அந்தக் கதையைக் காரில் சொல்லியிருக்கிறேன். ஆம்பளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று கூடச் சொன்னேன். டெட்ராய்ட் அணி அவரை எடுத்தது, ஆனால் அவர் மேஜர் லீக் என்கிற உச்ச மட்டத்தில் ஒரு பந்துகூடப் போடவில்லை. இந்த இரண்டாவது பாதியை நான் உனக்குச் சொன்னதே இல்லை.

இதை எழுத உட்கார்ந்தபோது வேறு ஒன்று எழுதுவதாக இல்லை. வந்துவிட்டது, எழுதிவிடுகிறேன்.

உனக்குப் பன்னிரண்டு வயது. ஜூன் மாதம், வார இறுதிப் போட்டி. பந்துகளை எண்ணுகிற கிளிக்கர் என் கையில் இருந்தது. அந்த வயதுக்கு ஒரு நாளைக்கு 85 பந்துதான் என்று விதி. எனக்கு அது சிரிப்பாக இருந்தது. பாளையங்கோட்டையில் வெயிலில் ஒரே நாளில் இருபது ஓவர் போட்டவன் நான். 120 பந்து. இந்தப் பிள்ளைகளுக்கு 85க்கே என்ன வந்தது என்று நினைத்தேன். கிரிக்கெட்டில் கையை நீட்டித்தானே போடுகிறோம், இதில் முழங்கை மடங்கி அத்தனை பாரமும் அங்கே விழுகிறது என்று எனக்கு உறைக்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை.

காலை ஆட்டத்திலும் போட்டாய், சாயந்திரம் அரையிறுதியிலும் போட்டாய். 71 வந்ததும் நான் கிளிக்கரைப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டேன். மறந்துபோய் இல்லை. அப்புறம் இன்னிங்ஸுக்கு ஒரு தடவை எடுத்து இரண்டு, மூன்று அழுத்தினேன். உன் கோச் வந்து கேட்டபோது 79 என்றேன். மனசுக்குள் நான் ஒழுங்காகத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். 103. அந்த மனிதர் நல்லவர். என்னை நம்பி உன்னை மறுபடியும் பந்து போடுகிற மேட்டுக்கு அனுப்பினார். ஹாலில் நிற்கிற பெரிய கோப்பை அன்றைக்கு வந்ததுதான்.

அன்று ராத்திரி நீ தோசையை இடது கையால் பிய்த்தாய். நான் அதட்டினேன். "சோத்துக் கையால சாப்பிடு, இது என்ன பழக்கம்" என்றேன். நீ ஒன்றும் சொல்லாமல் கையை மாற்றிக்கொண்டாய். ஒரு வாய் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாய். கொழுப்பு என்று நினைத்தேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் வீடியோவில் பேசினாயே, நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு. இடது கையில் ஃபோர்க் இருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் டிவி பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உன் கணக்கை உங்கள் கோச்சிடம் நீயே சொல், கதிர். குறைக்காதே. வெள்ளிக்கிழமை போட முடியாது என்றாலும் சரி, இந்த சீசனே போட முடியாது என்றாலும் சரி. அணியில் டிரெய்னர் இருக்கிறார் இல்லையா, அவரிடமாவது போ. ராத்திரி சீக்கிரம் படு. உள்ளதைச் சொல்.

செவ்வாய்க்கிழமை மதியம் கிளம்புகிறோம், ஐந்து மணி நேரக் கார். யார் போட்டாலும் வருகிறோம், அந்த இடது கைப் பையன் போட்டால் அவனுக்கும் சேர்த்துக் கை தட்டுவோம். அம்மா புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டுகிறாள், உன் ரூம் பையன்களுக்கும் சேர்த்து. ஸ்பூன் வைக்கச் சொல்லியிருக்கிறேன். எந்தக் கையால் வேண்டுமானாலும் சாப்பிடு.

அப்பா