பொருள்: ‘பி’ எழுத்து இல்லாமல் வந்த எல் யுங்கே வெள்ளி நாணயம் தொடர்பாக

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் வாங்கிய, புவேர்ட்டோ ரிக்கோவின் எல் யுங்கே தேசிய வன நாணயம் பற்றி மறுபடியும் எழுதுகிறேன். போனில் பேசிப் பேசித் தொண்டை வற்றிவிட்டது. இனி எல்லாம் எழுத்தில்தான்.

அமெரிக்க நாணயச்சாலை 2012-இல் சேகரிப்பாளர்களுக்காக வெளியிட்ட ஐந்து அவுன்ஸ் நாணயம், பளபளப்பில்லாத மேட் பினிஷ், பிலடெல்பியா நாணயச்சாலையைக் குறிக்கும் ‘பி’ முத்திரை, பெட்டி, சான்றிதழ் என்று உங்கள் தளத்தில் போட்டிருந்தீர்கள். அதை நம்பித்தான் அந்த விலை கொடுத்தேன். வந்திருப்பதோ முதலீட்டுக்கு விற்கிற புல்லியன் நாணயம். பளபளவென்று மின்னுகிறது. வாஷிங்டன் தலைக்குப் பின்னால், குடுமிப் பக்கம், ‘பி’ இருக்க வேண்டிய இடம் மொட்டையாகக் கிடக்கிறது. லென்ஸ் வைத்தும் பார்த்துவிட்டேன். பெட்டியும் இல்லை, சான்றிதழும் இல்லை. புல்லியனில் அந்த எழுத்து இருக்காது என்று நாணயம் விற்கும் உங்களுக்கு நானா பாடம் எடுக்க வேண்டும்?

உங்கள் வாடிக்கையாளர் சேவையில் ஒரு தம்பி சொன்னதை மறக்கவே முடியவில்லை. “ரெண்டுலயும் பொறிச்சிருக்கிறது அதே தவளை, அதே கிளிதானே சார்? நகைக்கடையில எடை போட்டுப் பாருங்க, ஒரு கிராம் குறைஞ்சா பேசுங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தார், வைத்துவிட்டார். எடைக்கு வாங்குவதென்றால் வெள்ளிக்கட்டி வாங்கியிருக்க மாட்டேனா?

போட்டோ கேட்டீர்கள், அனுப்பினேன். தெளிவாக இல்லை என்றீர்கள், திரும்ப அனுப்பினேன். அப்புறம் ‘புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி! யார் தீர்த்தது?

இதற்கு நடுவில் நேரில் கொண்டுவந்தால் உடனே மாற்றித் தருவதாக ஒருவர் சொன்னார். மூன்று அங்குல அகல நாணயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் வந்தேன். “அது ஆன்லைன் பிரிவு, கடைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல” என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். வயதானவனை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

இதே வரிசையில் வந்த மற்ற தேசிய வன நாணயங்களான மவுண்ட் ஹூட், ஒயிட் மவுண்டன், கிசாச்சி, ஷானி எல்லாம் என்னிடம் ‘பி’ முத்திரையோடு இருக்கின்றன. இல்லாதது இந்த புவேர்ட்டோ ரிக்கோ நாணயம் ஒன்றுதான். அமெரிக்க தேசிய வனங்களில் வெப்பமண்டல மழைக்காடு இது ஒன்றுதான் என்பதால் இதற்காகவே காத்திருந்தேன். என் மொத்தச் சேகரிப்பையும் பாழாக்கிவிட்டீர்கள். லட்சக்கணக்கில் நஷ்டம் என்றே சொல்வேன்.

உங்களுக்கு நல்ல பெயர் இருக்கிறது. அதைக் கெடுக்க எனக்கு ஆசையில்லை. தயவுசெய்து சரியான நாணயத்தைப் பெட்டி, சான்றிதழோடு அனுப்புங்கள். இல்லையென்றால் கூரியர் செலவு உட்பட முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். வரும் வெள்ளிக்கிழமை வரை பார்ப்பேன். அதற்குமேல் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

இன்னொன்று. நேற்று உங்கள் தளத்தில் பார்த்தால் அந்த ‘பி’ முத்திரை வரியையே காணோம். வாங்கிய அன்றே பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்