ஓசோன் ஓட்டை வேறு, கடல் சூடாவது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் மண்டபம் பக்கத்துப் பவளப்பாறைகள் வெளுத்துப்போவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். எங்கள் கரையைப் பற்றி எழுதியதற்கு நன்றி. ஆனால், ஓசோன் ஓட்டை வழியாக வெயில் கூடுதலாக இறங்குவதால்தான் கடல் சூடாகிறது என்று அதில் ஒரு வரி இருந்தது. அது தவறு. பாம்பன், ராமேசுவரம், கீழக்கரை என்று இந்தக் கரையில் இருபது வருடத்துக்கு மேலாக ஃபிரிட்ஜ், ஏ.சி. மெக்கானிக்காக இருப்பவன் நான். ஓசோன், கடல் சூடு என்ற இரண்டு விஷயத்திலும், நாங்கள் ஃபிரிட்ஜ், ஏ.சி.யில் அடைக்கும் கேஸுக்குப் பங்கு உண்டு என்பதால் எழுதுகிறேன்.

ஓசோன் ஒரு வாயு. அது பெரும்பாலும் தரையிலிருந்து 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுப்பது அதன் வேலை. வெல்டிங் பட்டறையில் முகத்துக்கு முன்னால் பிடிக்கும் கறுப்புக் கண்ணாடி மாதிரி. கண்ணாடியை எடுத்தால் கண் கெடும், அதற்காகப் பட்டறை கூடுதலாகச் சூடாகிவிடாது. ஓசோன் மெலிந்தால் தோல் புற்றுநோய், கண்புரை, கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களுக்குக் கேடு. அது ரொம்பவும் மெலிந்துபோவதைத்தான் ஓட்டை என்கிறார்கள். அந்த ஓட்டையும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் அண்டார்க்டிகாவுக்கு மேலே விழுவது. நம் தலைக்கு மேல் இல்லை.

கடல் சூடாவதற்குக் காரணம் வேறு. ஃபிரிட்ஜைச் சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்தால் பின்னால் இருக்கிற கம்பி வலையால் சூட்டை வெளியே விட முடியாது, உள்ளே குளிர்ச்சி குறையும். பூமியும் பகலில் வாங்கிய சூட்டை வானத்துக்குத் திருப்பி விட்டாக வேண்டும். நிலக்கரியும் டீசலும் எரித்து, காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயுவை 420-க்கு மேல் ஏற்றிவிட்டோம். அது சூடு போகிற வழியை மறிக்கிறது. இப்படித் தேங்கும் சூட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கடலுக்குள்தான் இறங்குகிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016-ல் பவளம் வெளுத்தது கடல்நீர் சூடேறியதால்.

குழப்பம் வருவதற்கும் காரணம் இருக்கிறது. பழைய ஃபிரிட்ஜ்களில் இருந்த ஆர்-12 கேஸ் ஓசோனை அழிக்கும், கரியமில வாயுவைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் சூட்டையும் பிடித்து வைக்கும். 1987 செப்டம்பர் 16-ல் கனடாவின் மான்ட்ரியலில் உலக நாடுகள் போட்ட ஒப்பந்தத்தால் அது ஒழிந்தது. அதற்குப் பதில் வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. சரி, நல்லதுதானே என்று நாங்களும் நினைத்தோம். ஆனால் சூட்டைப் பிடிப்பதில் அதுவும் 1,300 மடங்குக்கு மேல். அதையும் குறைக்க 2016-ல் ருவாண்டா நாட்டின் கிகாலியில் தனியாகக் கூடிப் பேச வேண்டியிருந்தது.

சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகிற ஓர் அக்கா என்னிடம் கேட்டார்: "தம்பி, அந்த ஓட்டை அடைபடுதாமே, அப்ப இனிமே கடல் சுடாதா?" ஓட்டை அடைபடுவது உண்மை. இப்படியே போனால் அண்டார்க்டிகாவில் 2066 வாக்கில் ஓசோன் 1980-ல் இருந்த அளவுக்குத் திரும்பும் என்கிறார்கள். ஆனால் கடல் குளிரும் என்று அந்த அக்காவுக்கு என்னால் சொல்ல முடியவில்லை. உங்கள் கட்டுரையைப் படித்தவர்கள் குளிரும் என்றுதான் நம்பிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் இந்த ஒரு வரியை என்னால் விட முடியவில்லை.

தயவுசெய்து அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். அப்புறம் இன்னொரு வேண்டுகோள். ரிப்பேருக்கு வரும் ஏ.சி.யில் மிச்சமிருக்கும் கேஸை வெளியே திறந்து விடாமல் சிலிண்டரில் பிடித்து வைப்பது எப்படி என்று ஒரு கட்டுரை போடுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் திறந்துதான் விட்டேன், யாரும் சொல்லித் தரவில்லை. இப்போது என்னிடம் வேலை பழகும் பையன்களுக்கு அந்தப் பக்கத்தை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டி வைப்பேன்.

இப்படிக்கு,
ஏ.சி. மெக்கானிக் வாசகர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.