பாட்டியைப் பற்றி நீ எழுதும் பக்கங்களுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

பாட்டியின் நினைவு மலருக்காக நீ எழுதி அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். நடை நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அதில் இருப்பவர், சாய்வு நாற்காலியில் அமர்ந்து எல்லோரையும் வாழ்த்திக்கொண்டிருக்கும் ஒரு மூதாட்டி மட்டுமே. நீ கண்டது அவருடைய கடைசிப் பத்தாண்டுகளைத்தான். தொண்ணூறு வயதைக் கடந்து வாழ்ந்தவருக்கு அதற்கு முன்பே பல வாழ்க்கைகள் முடிந்திருந்தன. மேலும், 'தியாகத்தின் திருவுருவம்' என்னும் தொடரைத் தயவுசெய்து நீக்கிவிடு. தாய் இறந்ததும் கைக்கு முதலில் வருகிற தொடர் அது. உன் பாட்டி அதைப் படித்திருந்தால் சிரித்திருப்பார்.

இருபது வயதில் அவர் தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்தார். காதில் ஹெட்செட்டுடன், ஆள் உயரப் பலகையின் முன் வரிசையாக அமர்ந்து பெண்கள் வேலை செய்த காலம் அது. ஒருவர் தம் வீட்டில் ரிசீவரை எடுத்தால் பலகையில் சிறு விளக்கு எரியும். அதற்குரிய துளையில் கயிற்றின் பிளக்கைச் செருகி, 'எந்த நம்பர் வேண்டும்?' என்று கேட்டு, இணைக் கயிற்றின் நுனியை மறுமுனையின் துளை விளிம்பில் ஒருமுறை தொட்டுப் பார்ப்பார். 'டிக்' என்று காதில் கேட்டால் அந்த இணைப்பில் ஏற்கெனவே யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். கேட்காவிட்டால் செருகி மணியடிக்கலாம். இவ்வளவும் சில நொடிகளில் முடிய வேண்டும். இதை எனக்கு விளக்கும்போது, எழுபது வயதிலும், அவருடைய வலக்கை விரல்கள் மேசை விளிம்பைத் தொட்டுத் தொட்டு நகர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தம் தொழிலின் வரலாறும் அவருக்குத் தெரியும். தொடக்கத்தில் அந்த வேலையில் இருந்த பையன்கள் வாடிக்கையாளர்களிடம் துடுக்காகப் பேசியதால், 1878-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எம்மா நட் என்ற பெண்ணை நியமித்தார்கள் என்பதைப் பெருமையாகச் சொல்வார். ஆபரேட்டரே தேவைப்படாத தானியங்கி இணைப்பு முறைக்கு 1891-இல் காப்புரிமை பெற்ற அல்மன் ஸ்ட்ரோஜர், சவ அடக்க ஏற்பாடுகளைத் தொழிலாகக் கொண்டவர். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற சந்தேகமே அந்தக் கண்டுபிடிப்புக்குக் காரணம் என்று ஒரு கதை உண்டு. 'கடைசியில் எங்கள் வேலையையும் அடக்கம் செய்துவிட்டுப் போனார்' என்பார் பாட்டி. அவர் பணியாற்றிய இணைப்பகமும் தானியங்கியானபோது தோழிகள் சிலர் கலங்கினார்கள். இவர் தட்டச்சு கற்றுக்கொண்டு கணக்குப் பிரிவுக்குப் போய்விட்டார். அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவருக்கே அந்த வேலை பிடிக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு வந்தது, நான் மிகவும் மதிக்கும் பகுதி. பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்துக் கேசட்டில் பதிவு செய்தார். ஒவ்வொரு பக்கத்தின் எண்ணையும் சொல்லிவிட்டுத்தான் வாசிப்பார். படம் வந்தால் அதை வாக்கியங்களாக்க வேண்டும் என்பதால், ஒரு இதயத்தின் குறுக்குவெட்டுப் படத்தை எப்படிச் சொல்வதென்று ஒரு மாலை முழுவதும் என்னோடு வாதிட்டார். இருமல் வந்தால் பின்னோக்கிச் சுற்றி, அந்தப் பத்தியைத் தொடக்கத்திலிருந்து மறுபடியும் வாசிப்பார். இந்த வாசிப்புக்கும் சம்பளம் வாங்கலாமே என்று ஒருவர் கேட்டதற்கு, 'சம்பளத்துக்குப் பேசியது போதும்' என்று மட்டும் சொன்னார்.

கடைசிக் காலத்தில் அவர் நம்மை அடையாளம் காணாமல் 'எந்த நம்பர் வேண்டும்?' என்று கேட்டதை, நினைவு சிதறிப்போனதன் அறிகுறியாக நீ எழுதியிருக்கிறாய். நான் அப்படிப் பார்க்கவில்லை. நினைவிழப்பில் அண்மைக்கால நினைவுகள் முதலில் அழியும், பழையவை நெடுநாள் நிற்கும் என்று பிரெஞ்சு உளவியலாளர் தியோடூல் ரிபோ 1881-லேயே எழுதியிருக்கிறார். புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி அல்சைமர் நோயில் தொடக்கத்திலேயே பாதிக்கப்படுவது இதற்கு ஒரு காரணம் என்று இன்று சொல்கிறார்கள். ஆகவே அன்று கட்டிலில் இருந்து நம்மிடம் பேசியவர் இருபது வயது ஆபரேட்டர். அவர் தம் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தார்.

அவர் வாசித்த கேசட்டுகளில் சில என்னிடம் உள்ளன. காந்த நாடா ஆண்டுகள் செல்லச் செல்லக் கெட்டுவிடும் என்பதால், தவறிப்போய் மேலே எதுவும் பதிவாகாதபடி மேல்விளிம்பில் உள்ள சிறு பிளாஸ்டிக் தட்டுகளை உடைத்துவிட்டு, எல்லாவற்றையும் கணினிக் கோப்புகளாக மாற்றக் கொடுத்திருக்கிறேன். வந்தவுடன் அனுப்புகிறேன். கட்டுரையை அவற்றைக் கேட்ட பிறகு திருத்து. அச்சுக்குக் கொடுக்க இன்னும் அவகாசம் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா