சைக்கிள் பழுதுபார்ப்போர் மற்றும் உதிரிபாக வணிகர் சங்கம்: 2025ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் மண்டபம், உச்சிப்புளி, பாம்பன், தங்கச்சிமடம் பகுதிகளிலிருந்து கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. நவம்பர் இறுதியில் மட்டும் டித்வா புயல் மழையால் கூட்டம் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது வரியைப் பற்றித்தான். சைக்கிளுக்கும் உதிரிபாகத்துக்கும் 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆனது. வரவேற்கிறோம். ஆனால் அன்று நம் கடைகளில் தொங்கிய செயினும், பின்சக்கரத்துப் பல்சக்கரமான பிரீவீலும் 12 சதவீதம் கட்டி வாங்கியவை. நம்மில் பலர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர்கள். கட்டிய வரியைத் திரும்ப எடுக்க வழி கிடையாது. விலையைக் குறைத்துத்தான் விற்றோம். சரக்கு தந்த மொத்த வியாபாரியிடம் முறையிட்டும் பலன் இல்லை. அந்த நட்டம் முழுவதும் சிறு கடைக்காரர் தலையில் விழுந்தது.

அடுத்தது இறக்குமதி வரி. முழு சைக்கிளுக்கான சுங்க வரியை 2023 பட்ஜெட்டில் 30இலிருந்து 35 சதவீதமாக உயர்த்தினார்கள். மீன் கூடை கட்டிப் போகிறவர் வெளிநாட்டு சைக்கிளா ஓட்டுகிறார், நமக்கு இதில் என்ன என்று ஆகஸ்ட் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. பஞ்சாபின் லூதியானாவில் சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப், பெடல், ஸ்போக்ஸ் கம்பி செய்பவை பெரும்பாலும் சிறு பட்டறைகள். வெளிச் சரக்கு மலிவாக வந்து குவிந்து அவை மூடினால், நாளை பெடல் கட்டையை அச்சோடு இறுக்கும் ஒரு கோட்டர் பின்னுக்கும் நாம் துறைமுகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அதனால் இந்த வரியை நான் மனதார ஆதரிக்கிறேன்.

வரி மட்டும் போதாது என்பதற்கு எதிர்க்கரையான இலங்கையிலேயே பாடம் இருக்கிறது. சீன சைக்கிளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1993 முதல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி, அதாவது அடிமாட்டு விலைக்குச் சரக்கைக் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கும் வரி, போடுகிறது. சரக்கு வேறு நாடுகள் வழியாகச் சுற்றிக்கொண்டு போனதால், 2013இல் இலங்கையிலிருந்து வரும் சைக்கிளுக்கும் அந்த வரியை 48.5 சதவீதமாக நீட்டித்தார்கள். உண்மையாகவே அங்கு உற்பத்தி செய்த சில நிறுவனங்களுக்கு விலக்கும் தந்தார்கள். நமக்கும் இலங்கைக்கும் 2000 முதல் தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. அந்த வழியாக வேறு நாட்டுச் சரக்கு நுழையாதபடி, எங்கே செய்யப்பட்டது என்று நம் சுங்கத்தினரும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும்.

பாதுகாப்பைப் பெறும் உள்நாட்டு நிறுவனங்களுக்கும் ஒரு கடமை உண்டு. நம் கரையில் உப்புக்காற்றுக்கு ரிம் எத்தனை நாள் தாங்குகிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லா மிதிவண்டி, படிப்பு முடியும் முன்பே ஸ்போக்ஸ் கம்பி துருவேறி நம்மிடம் வருகிறது. சக்கரத்தின் கோட்டம் எடுக்கச் சாவியைத் திருப்பினால், கம்பியை ரிம்மோடு இறுக்கும் நிப்பிள் சுற்றாது, கம்பி முறியும். தங்கச்சிமடத்துப் பெரியவர் ஒருவர் பள்ளிப் பிள்ளைகளிடம் கூலி வாங்குவதில்லை. கம்பிக்கு மட்டும் வாங்குகிறார். அந்தக் காசைக்கூடக் கொடுக்க முடியாமல் சைக்கிளை விட்டுவிட்டு நடந்து போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே நிர்வாகக் குழு ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறது. இறக்குமதி வரிப் பாதுகாப்பு தொடர வேண்டும். கடலோர மாவட்டங்களுக்கான அரசு சைக்கிள் டெண்டரில் உப்புநீர்த் தெளிப்புச் சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும். எவர்சில்வர் கம்பியோ, தரமான துத்தநாகப் பூச்சோ கேட்க வேண்டும். வரி மாறும்போது பதிவில்லாத சிறு கடைகளின் கைச்சரக்குக்கு ஈடு தர வேண்டும். துருவேறி முறிந்த கம்பிகளை ஒவ்வொரு கடையிலும் ஒரு டப்பாவில் சேர்த்து வைக்கச் சொல்லியிருந்தேன். கொண்டுவந்தவர்கள் மேசையில் வையுங்கள். மாவட்ட ஆட்சியரிடம் மனுவோடு சேர்த்துக் கொடுக்கப் போகிறோம்.

தீர்மானத்தை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்