பணம் முழுசாக வந்து சேரும் முன் வீட்டுச் சாவியைக் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தை பிறந்துவிட்டால் எங்கள் கெடா மாநிலத்துப் பாடாங் செராய் பக்கம் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். பழைய வீடு வாங்க எஸ் அண்ட் பி எனும் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் விற்பவரைத் தேடி வந்து, "லாயர் வேலை நடந்துகிட்டுதான் இருக்கு, லோன் பாஸ் ஆயிருச்சு, இந்த முகூர்த்தத்தை விட்டா அப்புறம் நாள் இல்ல, சாவியைக் கொடுத்தீங்கன்னா பால் காய்ச்சிட்டு அப்படியே ரெனோவேஷனையும் ஆரம்பிச்சுருவோம்" என்பார்கள். கேட்பவர் பல நேரம் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், அல்லது அவர் அப்பாவும் நம் அப்பாவும் ஒன்றாகப் பால்மரம் வெட்டியவர்கள். முகத்துக்கு நேராக எப்படி முடியாது என்று சொல்வது? கொடுத்துவிடுகிறோம். கொடுக்கவே கூடாது என்பதுதான் என் கருத்து. வீட்டைப் பார்க்க விடுங்கள், எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கட்டும். ஆனால் சாவி உங்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

நம் ஆட்கள் பலர் கையெழுத்துப் போட்ட நாளிலேயே வீடு கைமாறிவிட்டது என்று நினைக்கிறார்கள். அன்றைக்கு வருவது 10 விழுக்காட்டு முன்பணம் மட்டும்தான். மீதி 90 விழுக்காட்டுக்குப் பொதுவாக 3 மாதக் கெடு, அதுவும் போதாவிட்டால் வட்டியோடு இன்னும் 1 மாதம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். லீஸ்ஹோல்ட் (குத்தகை நில) வீடாகவோ, பட்டாவில் கட்டுப்பாடு போட்ட மலிவு விலை வீடாகவோ இருந்தால் மாநில அரசின் ஒப்புதல் கிடைத்த பிறகுதான் அந்த 3 மாதமே எண்ண ஆரம்பிக்கும், ஒப்புதலுக்கே பல மாதம் போய்விடும். இதற்கு இடையில் வாங்குபவரின் பேங்க் முதலில் உங்கள் பழைய கடனை அடைக்க வேண்டும், உங்கள் பேங்க் அடமானத்தை ரத்து செய்ய வேண்டும், நில அலுவலகத்தில் பெயர் மாற்றம் பதிய வேண்டும், அதற்கப்புறம்தான் மிச்சப் பணம் உங்கள் லாயர் கணக்குக்கு வரும். பட்டாவில் அதுவரை உங்கள் பெயர்தான் இருக்கும், வீட்டுக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு அக்கா, கணவர் இல்லாதவர், மகளோடு போய் இருப்பதற்காக வீட்டை விற்றார். வாங்க வந்த பையன் நல்ல பையன், தொழிற்சாலையில் வேலை, லோன் ஒப்புதல் கடிதமும் கையில் வைத்திருந்தான். தை மாதத்தில் பால் காய்ச்ச சாவியைக் கேட்டான், அக்காவும் கொடுத்தார். மறு வாரமே கொன்ட்ரக்டர் வந்து சமையலறைப் பின்சுவரை இடித்துவிட்டார், பின்பக்கம் இழுத்துப் பெரிதாகக் கட்டத் திட்டமாம். சிங்க்கை எடுத்து முன் வராண்டாவில் வைத்தார்கள், பைப்பைத் துணி சுற்றிக் கட்டினார்கள், அக்கா வீட்டுக்காரர் கையால் ஒட்டிய பச்சை மொசைக் அத்தனையும் மூட்டை மூட்டையாக வாசலில் கிடந்தது. பையனின் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்றதும் பேங்க் கடனை நிறுத்திக்கொண்டது. கொன்ட்ரக்டர் பாக்கிப் பணம் கேட்டுக் கிடைக்காமல் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். சுவர் இருந்த இடத்தில் நாலு துண்டுத் தகரத்தை நிறுத்திக் கம்பியால் கட்டியிருந்தார்கள், மழை பெய்தால் தண்ணீர் ஹால் வரைக்கும் வந்தது. ஒப்பந்தப்படி முன்பணம் அக்காவுக்குத்தான் என்றாலும், அதில் பெரும் பகுதி சுவரைத் திரும்பக் கட்டுவதற்கும் ஓடு மாற்றுவதற்கும் போயிற்று. அடுத்து வீடு பார்க்க வந்தவர்கள் அந்தத் தகரத்தைப் பார்த்துவிட்டு விலையை அடித்துக் கேட்டார்கள்.

அந்தப் பையனை நான் குறை சொல்லவில்லை, அவனும் கைக்காசைப் போட்டு ஊரான் வீட்டுச் சுவரை இடித்தவன்தான், ஒரு காசு திரும்பவில்லை. வாங்குபவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். உங்கள் லோன் தடுமாறாவிட்டாலும் விற்பவருக்கு ஏதாவது ஆகலாம். அவர் திடீரென்று இறந்துவிட்டால் சொத்து நிர்வாக வேலை முடியும் வரை எல்லாம் அப்படியே நின்றுவிடும், நீங்கள் போட்ட டைல்ஸும் அலமாரியும் இன்னொருவர் பெயரில் இருக்கும் வீட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். வெல்டிங் வேலையில் தீப்பிடித்தால், கூரையிலிருந்து வேலையாள் விழுந்தால் யார் பொறுப்பு? இன்ஷூரன்ஸ் விற்பவர் பெயரில், கரண்டு மீட்டரும் அவர் பெயரில், சுவரை இடிக்க நகராண்மைக் கழகத்தில் பெர்மிட் எடுத்தார்களா என்பது யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, சாவி கைமாறும் வரை வாசல் பக்கமே வரக் கூடாது என்று கதவைச் சாத்துகிற விற்பனையாளர்களும் இருக்கிறார்கள். அதுவும் சரியில்லை. டெவலப்பரிடம் புது வீடு வாங்கினால் சாவி வாங்கிய நாளிலிருந்து 24 மாதம் பழுதுகளை அவர்களே சரி செய்து தர வேண்டும் என்று சட்டம் வகுத்த ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. பழைய வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, பெரும்பாலும் இருக்கிறது இருக்கிறபடிதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர்த் தாமான்களில் பல பால்மரக் காட்டை அழித்துக் கட்டியவை, கதவு நிலையைத் தட்டிப் பார்க்காமல், கூரைக்குள் டார்ச் அடித்துப் பார்க்காமல் கரையான் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? சேமநிதிப் பணத்தை எடுத்துப் போட்டு வாழ்நாளில் ஒரே ஒரு வீடு வாங்குகிறவருக்கு இதைப் பார்க்கிற நியாயம் உண்டு. கொன்ட்ரக்டரைக் கூட்டி வந்து அளவெடுக்கட்டும், வயர்மேனைக் கூட்டி வந்து டிபி பாக்ஸை, அதாவது மின்சாரப் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும், மழை பெய்யும் நாளில் வந்து ஒழுகுகிறதா என்றும் பார்க்கட்டும், வீட்டுக்காரர் கூடவே இருந்து காட்டட்டும். பணம் கட்டி முடிக்கும் முன் கடைசியாக ஒரு முறை வந்து பார்க்க உரிமை உண்டு என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள், ஃபேனும் ஏர்கோனும் வாட்டர் ஹீட்டரும் பேசியபடி இருக்கின்றனவா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

பால் காய்ச்சுவதும் அப்படித்தான். ஆடியிலும் மார்கழியிலும் புது வீடு புக மாட்டோம், நாள் பார்க்கிற குடும்பத்துக்கு அது பெரிய விஷயம், எனக்கும்தான். காலையில் வீட்டுக்காரரே கதவைத் திறந்துவிட்டு, பூஜை முடிந்து பால் பொங்கியதும் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. சாமான் ஏற்றுவதும் குடி வருவதும் பணம் வந்த பிறகு.

பிள்ளையின் பள்ளிக்கூடத் தவணை, வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய கெடு என்று உண்மையிலேயே நெருக்கடி இருந்தால் வாய்ப்பேச்சில் முடிக்காதீர்கள். இரண்டு பக்க லாயரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதட்டும். லோன் ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிவிட்டதா, மாநில ஒப்புதல் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, நாள் கணக்கில் எவ்வளவு கட்டணம், எவ்வளவு தனி டெபாசிட், கரண்டு தண்ணீர் பில் யார் கட்டுவது, ஆணி அடிப்பதைத் தவிர வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது, விற்பனை நின்றுபோனால் எத்தனை நாளில் வெளியேற வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அது வாடகை ஒப்பந்தம் மாதிரி ஆகிவிடாமல் லாயர் பார்த்து எழுத வேண்டும். ஏனென்றால் வாடகைக்கு விட்டதாக ஆகிவிட்டால், 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 7ஆவது பிரிவுப்படி, தவணை முடிந்தும் போகாதவரை நீதிமன்றம் போய்த்தான் வெளியேற்ற முடியும், நீங்களாகப் பூட்டை மாற்ற முடியாது.

வாங்குபவர் தாமதித்தால் என்ன ஆகும் என்றும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 280,000 வெள்ளி (ரிங்கிட்) வீட்டில் 28,000 போக மீதி 252,000. வழக்கமாக எழுதும் ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டிப்படி கூடுதல் ஒரு மாதத்துக்கு அவர் தருவது சுமார் 1,650 வெள்ளி. வெளியில் வாடகைக்கு இருப்பவருக்கு அந்த 1,650 கையைக் கடிக்கும், எப்படியாவது சீக்கிரம் முடிக்கப் பார்ப்பார். ஏற்கனவே உள்ளே குடியிருப்பவருக்கு அந்த அவசரம் இருக்காது, அதே பணத்தை வாடகை என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடுவார்.

ஏஜண்டுகளுக்கும் ஒரு வேண்டுகோள். வியாபாரம் கைநழுவிவிடக் கூடாது என்பதற்காக "எல்லாரும் கொடுக்கிறதுதான், கொடுத்துடுங்க அக்கா" என்று வயதானவர்களிடம் சொல்லாதீர்கள். லாயரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். உங்கள் பத்திரிகையும் தை மாதத்துக்கு முன்பாக ஒரு வழக்கறிஞரைக் கொண்டு இதைப் பற்றி முழுப் பக்கம் எழுத வைத்தால், பட்டாவையும் ஒப்பந்தத்தையும் மலாயிலும் ஆங்கிலத்திலும் படிக்கச் சிரமப்படுகிற எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாடாங் செராய், கெடா