மூன்று வரித் திருத்தம்

திருகோணமலை

அன்புள்ள குணா,

உன் கடிதம் கிடைத்தது. லண்டனுக்குப் போன புதிதில் ஆங்கிலம் பழகுவதற்காக ஞாயிறு தவறாமல் ‘நியூஸ் ஒஃப் த வேர்ல்ட்’ வாங்கியதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது என்று எழுதியிருந்தாய். 1843 இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை, கொலையுண்ட 13 வயதுச் சிறுமி மிலி டவுலரின் கைத்தொலைபேசிக் குரற்பதிவுகளைக் களவாகக் கேட்ட செய்தி 2011 ஜூலை 4 ஆம் திகதி வெளியானதும், ஒரே வாரத்தில் மூடப்பட்டது. இங்கே தொலைபேசியை ஒட்டுக்கேட்கும் சிரமம்கூட எவருக்கும் இல்லை. முகநூலில் இருந்தே படத்தை எடுத்துவிடுகிறார்கள்.

சென்ற மாதம் கடற்கரையில் கச்சான் வாங்கினேன். பத்திரிகைத் தாளில் சுற்றியிருந்த சரையை விரித்தபோது, எங்கள் ஒழுங்கையில் கிணற்றில் விழுந்து இறந்த பிள்ளையின் படம் இருந்தது. கண்களுக்குமேல் கறுப்புப் பட்டை போட்டு நாகரிகம் காத்திருந்தார்கள். ஆனால் ஒழுங்கையின் பெயரும் தகப்பனின் தொழிலும் கீழேயே அச்சாகியிருந்தன. தலைப்பு ‘காதல் விவகாரமா?’. கேள்விக்குறியைப் போட்டுவிட்டால் ஆதாரம் தேடவேண்டியதில்லை போலும்.

ஆயினும், சடலங்களின் படங்களை அச்சிடுவதையே சட்டத்தால் தடுக்கவேண்டும் என்ற உன் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 2006 ஜனவரி 2 ஆம் திகதி இதே கடற்கரையில் மாணவர்கள் ஐவர் கொல்லப்பட்டபோது, அவர்கள் வைத்திருந்த குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. பத்திரிகையாளர் சுகிர்தராஜன் பிரேத அறையில் எடுத்து ‘சுடர் ஒளி’ பத்திரிகையில் வெளிவந்த படங்களில்தான் அவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பது ஊருக்குத் தெரிந்தது. அதே மாதம் 24 ஆம் திகதி காலையில் அவரையும் இந்நகரிலேயே சுட்டுக் கொன்றார்கள். நீ சொல்லும் சட்டம் அன்று இருந்திருந்தால், அந்தப் பொய்யைக் காப்பதற்குத்தான் அது உதவியிருக்கும். படம் யாருடைய வாயை அடைக்கிறது, யாருடைய பொய்யை உடைக்கிறது என்று பார்க்காமல், பிணத்தின் படம் என்பதை மட்டும் வைத்து நான் எப்படித் தீர்ப்புச் சொல்வது?

கிணற்றடிச் செய்தி பற்றி அந்தப் பத்திரிகைக்கு இருமுறை எழுதினேன். ஐந்தாம் பக்கத்தின் அடியில், காணி விற்பனை விளம்பரத்தின் கீழ், மூன்று வரியில் ஒரு திருத்தம் போட்டார்கள். பிள்ளையின் தாய் அதை வெட்டித் தரச் சொன்னார். எழுத்து பொடியாக இருந்ததால் நானே வாசித்துக் காட்டவேண்டியதாயிற்று. மகளின் பெயரில் ஓர் எழுத்துப் பிழையாக இருந்ததை வாசிக்கும்போது சரிசெய்துகொண்டேன்.

அன்புடன்,
நாதன்